தொட்டிக்கு வெளியிலை

ரொறன்ரோ
16.11.1986

பத்மநாதன் அண்ணைக்கு,

வந்து சேந்திட்டன். எயார்போட்டிலை இறங்கின உடனை அகதி எண்டு சொல்லி அழவேணும் எண்டு ஏஜென்ட் அல்பேட் சொல்லித் தந்தவர். எனக்கு அழுகை வரேல்லை, கொட்டாவிதான் வந்தது. இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டுப்போட்டு, என்ர அண்ணையைக் கூப்பிட்டு ஒப்படைச்சு விட்டினம்.

முதல் ஒரு விசயம். மெடான் வீட்டுக் குளியலறையிலை தண்ணி அள்ளுற காயுங்கைக் காணேல்லை எண்டு எல்லாரும் தேடியிருப்பியள். தேடவேண்டாம். அது என்ர பாக்கிலை இருக்கு. ஈரச் சட்டையோடை தெரியாமல் சுத்துப்பட்டு வந்திட்டுது எண்டு எழுதத்தான் இருந்தனான். நம்பமாட்டியள். களவெடுத்தனான். கனடாவுக்கு ஏத்துவினம் எண்டு அந்த வீட்டிலை ஏழு மாசம் காத்திருந்தன், ஒழுங்கா வேலை செய்த ஒரே சாமான் அதுதான். இஞ்சத்தை எயார்போட்டிலை ஒரு வெள்ளைக்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாள். பிடி வைச்ச நீலப் பிளாஸ்ரிக் கோப்பை, அடுப்பிலையும் வைக்கேலாது, வாயிலையும் வைக்கேலாது. நான் தலையிலை தண்ணி ஊத்திறமாதிரிச் செய்து காட்டினன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டாள். எங்கட அண்ணியும் "உது என்ன சட்டி?" எண்டு கேட்டவ. காயுங் எண்டன். "தமிழிலை சொல்லன்" எண்டா. ஊரிலை கிணத்தடியும் வாளியும்தானே, இதுக்கு என்ன பேரைச் சொல்ல?

வீடு வெலஸ்லி றோட்டிலை, பதினோராம் மாடி. ஒரு அறை, ஒரு ஹோல். சிவபாதம் அண்ணை, யோகராணி அண்ணி, ரெண்டு பிள்ளையள், வாடகைக்கு மூண்டு பெடியள், நான். நாலுபேர் எண்டு எழுதிக்குடுத்து எடுத்த வீடாம். அதாலை ஆரும் பெல் அடிச்சால் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். பில்டிங்கைப் பாக்கிற ஆளை சுப்பர் எண்டு சொல்லுறது. மெடானிலை பொலிசுக்குப் பயந்தம், இஞ்சை சுப்பருக்கு. மற்றும்படி வித்தியாசம் ஒண்டும் இல்லை.

அண்ணி தையல் பக்ரறிக்குப் போறா, நான் பிள்ளையளைப் பாக்கிறன். வெளியிலை போகேலாது. குளிர் எண்டு அண்ணி சொல்லுறா. உனக்கு இங்கிலிஸ் தெரியாது எண்டு அண்ணை சொல்லுறார். ரெண்டும் உண்மை, அதுதான் கோவம் வருது. ஜன்னல் நாலு விரல் அளவுக்குத்தான் திறக்கும். ஆக்கள் குதிச்சுப்போடுவினமாம். என்னைக் கேக்காமலே பூட்டி வைச்சிருக்கினம்.

குளிப்புக் கதையையும் கேளுங்கோ. இஞ்சையும் ஒரு தொட்டி இருக்கு, நீளமா, வெள்ளையா. அதுக்கை ஏறி நிண்டு பைப்பைத் திருப்பினால் முகட்டிலையிருந்து ஆரோ துப்பிறமாதிரித் தண்ணி விழும். எனக்குத் தொட்டிக்கை கால் வைக்க மனம் வரேல்லை. மெடானிலை முதல் நாள் சீமோன் தண்ணித் தொட்டிக்கை இறங்கி நிண்டு சவுக்காரம் போட்டதும், வீட்டுக்கார மனிசி விளக்குமாத்தோடை வந்ததும் ஞாபகம் இருக்கோ? தொட்டி அள்ளத்தான், இறங்க இல்லை எண்டு அவ கத்தினது இன்னும் காதுக்கை இருக்கு. அதாலை எல்லாரும் வேலைக்குப் போனாப்பிறகு நான் தொட்டியை விம் போட்டு உரஞ்சி, சுடுதண்ணி நிரப்பி, வெளியிலை நிலத்திலை நிண்டு காயுங்காலை அள்ளி அள்ளி ஊத்திறன். அந்த நேரம் மட்டும்தான் நான் மனிசி. ஒரு குறை, நிலத்திலை தண்ணி போக ஓட்டை இல்லை. கட்டினவன் மறந்துபோனான் போலை. துவாயாலை ஒத்தி எடுக்கிறன்.

இன்னொண்டு. நான் பிளேனிலை வந்த அந்த சீற், அல்பேட் உங்களுக்கு ஒதுக்கினதாம். எனக்குக் குடுக்கச் சொன்னதும் நீங்கள்தானாம், சீமோன் வாய் தவறிச் சொல்லிப்போட்டான். ஏன் குடுத்தனீங்கள்? எப்ப வாறியள்?

ரஞ்சிதமலர்


மெடான்
இந்தோனேசியா
20.12.1986

அன்புள்ள ரஞ்சிதமலருக்கு,

உம்மட கடிதம் வந்தது. சீமோன் நடுவிலை இருந்து சத்தமா வாசிக்க, நாங்கள் எல்லாரும் சுத்தி இருந்து கேட்டம். தன்ர பேர் வந்த இடத்திலை அவனுக்கு இருமல் வந்திட்டுது. ஆகையாலை ஒரு ஏற்பாடு: எல்லாருக்கும் வாசிக்கேலாத சங்கதி எழுதினால் கவரின்ர மூலையிலை ஒரு புள்ளி போடும். அதை நான் தனிய வாசிக்கிறன்.

காயுங் போனது போகட்டும். ரெண்டு மூண்டு நாள் பால்மா ரின்னாலை குளிச்சம், விளிம்பு வெட்டி எல்லாற்றை தலையிலும் காயம். பிறகு சந்தையிலை ஒரு சிவப்புக் காயுங் வாங்கினம். விடிய எழும்பித் தொட்டியை நிரப்பிற வேலை இன்னும் என்னட்டைத்தான். நீர் இருக்கேக்கை ஆர் நிரப்பினது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப நிரப்பாத அண்டைக்குத்தான் கேக்கினம்.

சீற் கதை பெரிய கதை இல்லை. பூட்டு இல்லாத குளியலறை, வீடு நிறைய ஆம்பிளையள், ஒரு பொம்பிளைப்பிள்ளை. நீர் குளிக்கேக்கை கதவுக்கு வெளியிலை ஆரும் ஒராள் காவல் நிக்கவேண்டிக் கிடந்தது. எத்தினை நாளைக்கு நிக்கிறது? வேற காரணம் தேடவேண்டாம்.

அடுத்த மாசம் எண்டு அல்பேட் சொல்லுறார். போன மாசமும் அதைத்தான் சொன்னவர். நீர் ஒரு நல்ல குளிர்ச்சட்டை வாங்கிப் போடும். அண்ணையோடை கொளுவாதையும்.

இஞ்சை எல்லாரும் உம்மை விசாரிச்சதாகச் சொல்லச் சொன்னவை.

பத்மநாதன்


ரொறன்ரோ
8.2.1987

பத்மநாதன் அண்ணைக்கு,

புள்ளி போட்டிருக்கிறன். சீமோனை எழுப்பி வெளியிலை விட்டிட்டு வாசியுங்கோ.

கதவுக்கு வெளியிலை காவல் நிண்டது ஆரோ ஒராள் இல்லை, நீங்கள். இருமல் சத்தத்திலை எனக்குத் தெரியும். அது கிடக்கட்டும்.

இஞ்சை ஒரு பெரிய கூத்து நடந்தது. நான் குளிச்சுக்கொண்டு நிக்க ஆரோ கதவை உடைக்கிறமாதிரி அடிச்சினம். அண்டைக்கு அண்ணி வேலைக்குப் போகேல்லை. சங்கிலியைக் கழட்டாமல் கதவைத் திறந்து பாத்தால், கட்டையா ஒரு மனிசி. தலைமயிரிலையிருந்து தண்ணி சொட்டுது. ஒரு காலிலை மட்டும் செருப்பு. நான் ஊத்தின தண்ணி எல்லாம் நிலத்துக்காலை இறங்கி, கீழ்வீட்டு முகட்டாலை அவவின்ர தலையிலை. இங்கிலிசிலை பிடிச்சுக் கிழிகிழியெண்டு கிழிக்கிறா. எங்கட அண்ணி "நோ வாட்டர், நோ வாட்டர்" எண்டு நிக்கிறா. அவவின்ர காலுக்குள்ளாலையே தண்ணி ஓடுது.

நான் சட்டையை மாட்டிக்கொண்டு துவாயோடை ஓடிவந்தன். கையிலை காயுங். அந்த மனிசியின்ர கண் என்ர கையிலை நிண்டிட்டுது. பேச்சும் நிண்டிட்டுது.

"காயுங்?" எண்டு கேட்டா.

இந்த ஊரிலை எனக்குத் தெரிஞ்ச ஒரு சொல்லை வெளியாள் ஒராள் சொல்லிக் கேக்கிறது அதுதான் முதல் தரம். "ஓம், காயுங். மாஃப், ஈபு" எண்டன். மெடான் சந்தையிலை ஆரையும் இடிச்சுப்போட்டால் சொல்லுவமே, மன்னியுங்கோ அம்மா எண்டு, அதே மாதிரி.

அந்த மனிசி சங்கிலியைக் கழட்டச் சொல்லிப்போட்டு நேர குளியலறைக்குப் போனா. நிரம்பின தொட்டியைப் பாத்தா, குளமாக் கிடந்த நிலத்தைப் பாத்தா, கொமட் மூடியிலை குந்தி இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. தானும் வந்த புதிசிலை இதே வேலை செய்து, தனக்குக் கீழை இருந்தவன்ர கட்டிலை நனைச்சவவாம். இனித் தொட்டிக்கை ஒரு வாளியை வை, நீயும் தொட்டிக்கை நில்லு, காயுங்காலை வாளியிலை அள்ளு எண்டு செய்து காட்டினா. பின்னேரம் வாளியும் கொண்டுவந்து தந்தா. சுப்பருக்குச் சொல்லமாட்டன் எண்டா. பேர் சுலாஸ்ரி, ஊர் இந்தோனேசியாவிலையே சுரபாயா, வேலை ஒரு ஹொட்டேல் லோன்றியிலை. நான் ஈபு எண்டுதான் கூப்பிடுறன்.

"நீ கதைச்சது என்ன பாஷை?" எண்டு அண்ணி கேட்டா. மலாய் எண்டன். "எங்கை படிச்சனி?" மெடானிலை மீன் வாங்கப் போய்ப் படிச்சனான் எண்டன். அண்ணி போய்த் தேத்தண்ணி போட்டா, எனக்கும் சேத்து.

எங்கட அண்ணை வந்து தண்ணிக்கு ஏசேல்லை, கதவு திறந்ததுக்குத்தான் ஏசினார். "சுப்பரா இருந்திருந்தால் எட்டுப்பேரும் றோட்டிலை தெரியுமே?" காயுங்கை எடுத்து அலுமாரிக்கு மேலை வைச்சிட்டார். அவர் போக நான் கதிரை வைச்சு எடுக்கிறன், வர முந்தித் திருப்பி வைக்கிறன். இருவது வயசிலை இதுதான் என்ர வீரம்.

இப்ப புள்ளி போட்ட சங்கதி. மிசிசாகாவிலை தியாகலிங்கம் எண்டு ஒராள். எயார்போட்டிலை பெட்டி ஏத்திற வேலை, கார் இருக்கு, பேப்பர் எல்லாம் சரி. வந்து என்னைப் பொம்பிளை பாத்திட்டுப் போட்டார். கெட்ட ஆள் எண்டு சொல்லேலாது. ரெண்டு தரம் "குளிர் பழகிட்டுதோ?" எண்டு கேட்டார், அவ்வளவுதான். அண்ணைக்கு நல்ல விருப்பம். மாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும். நீங்கள் வாறியளோ இல்லையோ? வளைக்காமல் எழுதுங்கோ.

ரஞ்சிதமலர்


மெடான்
30.3.1987

அன்புள்ள ரஞ்சிதமலருக்கு,

விலாசம் மாறியிருக்கு, கவனியும். அல்பேட் ஆள் இல்லை. எங்கட பாஸ்போட்டுகளும் அவரோடை போட்டுது. வீட்டுக்குப் பொலிஸ் வந்தது. சீமோனையும் மற்றவையையும் கொண்டு போட்டாங்கள், திருப்பி அனுப்புவாங்களாம். நான் அந்த நேரம் தண்ணி அள்ளப் பின்வளவிலை நிண்டதாலை மதில் பாஞ்சு தப்பினன்.

இப்ப கோயிலடியிலை ஒரு சரக்குக் கடைக்காரர் வைச்சிருக்கிறார். இஞ்சத்தைத் தமிழ் ஆள். அவற்றை தமிழ் எனக்குப் பாதி விளங்கும், என்ர தமிழ் அவருக்குக் காலும் விளங்காது. பகலிலை வெளிக்கிடேலாது. மல்லி மூட்டையளுக்குப் பின்னாலை இருக்கிறன். நீர் பதினோராம் மாடியிலை, நான் மூட்டைக்குப் பின்னாலை. உமக்கு ஜன்னலாவது நாலு விரல் திறக்கும்.

காயுங் கதையை வாசிச்சுத் தனிய இருந்து சிரிச்சன். கடைக்காரர் எட்டிப் பாத்துப்போட்டுப் போனார். அந்த ஈபுவோடை பழக்கத்தை விடாதையும்.

தியாகலிங்கம் எண்டவரைப் பற்றி எழுதியிருந்தீர். நல்ல ஆள் எண்டு நீரே எழுதிறீர். பேப்பர் உள்ளவர். யோசியும். எதையும் கோவத்திலை செய்யாதையும்.

உடம்பைக் கவனிச்சுக்கொள்ளும்.

பத்மநாதன்


ரொறன்ரோ
19.4.1987

பத்மநாதன்,

அண்ணை எண்டு போடேல்லை. கை தவறேல்லை, வேணுமெண்டுதான்.

யோசியும் எண்டு எழுதினியள். நான் கேட்டது யோசனையோ? வாறியளோ இல்லையோ எண்டு கேட்டன். கெட்ட ஆள் எண்டு சொல்லேலாது எண்டு நான் எழுதினதை நல்ல ஆள் எண்டு மாத்தி என்ர தலையிலையே கட்டுறியள். நல்லாப் படிச்ச வாத்தியார்தான்.

சீமோனை நினைச்சு அழுதன். எழுதக்கூடாது எண்டு பாத்தன், எழுதிப்போட்டன்.

நான் வெளியிலை போறதுக்கு இப்ப ஒரு வழி இருக்கு. உடுப்புத் தோய்க்கிற மெசின் பில்டிங்கின்ர அடியிலை. கூடையைத் தூக்கிக்கொண்டு லிப்டிலை இறங்க விடுகினம். நான் பத்தாம் மாடியிலை நிப்பாட்டி ஈபு வீட்டுக்குப் போயிடுவன். உடுப்பு சுத்துறவரைக்கும் எனக்கு லீவு. ஈபுவின்ர குளியலறையிலையும் ஒரு காயுங் தொங்குது, பச்சை. தன்ர மகளுக்கு அது வெக்கமாம், கூட்டாளிப் பெட்டையள் வந்தால் ஒளிச்சு வைக்குமாம். ஈபுவுக்கும் எனக்கும் இங்கிலிஸ் சரிவராது. ஆனால் மலாயிலை நான் பகிடி விடுறன். தமிழிலை பகிடி விட்டால் அண்ணி பயப்பிடுறா.

தான் வேலை செய்யிற லோன்றியிலை ஆள் தேவையாம், பேப்பரை மட்டும் கொண்டா எண்டு சொல்லுறா. இமிக்கிறேசன் தந்த பேப்பர் அண்ணையின்ர மேசை லாச்சிக்கை பூட்டிக் கிடக்கு. கேட்டன். "இங்கிலிஸ் தெரியாமல் எங்கை போகப்போறாய்? கலியாணம் முடிஞ்சு அவரிட்டைக் கேள்" எண்டார். அவர் பொல்லாத ஆள் இல்லை. ஊரிலையிருந்து அம்மா எழுதின கடிதத்தை மடிச்சுப் பொக்கற்றிலை கொண்டு திரியிறார், ரஞ்சியைக் கரைசேர்த்துவிடு எண்டு. கரைசேர்க்கிறன் எண்டுதான் கழுத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறார்.

சரி. நீங்கள் எழுதமாட்டியள், நான் எழுதிறன். எனக்கு உங்களைத்தான் விருப்பம். மெடானிலையே விருப்பம். நீங்கள் நிரப்பி வைச்ச தண்ணியிலை நான் குளிச்சுப்போட்டு வாறது உங்களுக்குத் தெரியும் எண்டது எனக்குத் தெரியும். அவ்வளவுதான், எழுதிப்போட்டன். கிழிச்சாலும் கிழியுங்கோ.

ஓம் எண்டால் ஓம் எண்டு எழுதுங்கோ. எத்தினை வருசம் எண்டாலும் நிண்டு பிடிப்பன். இல்லை எண்டாலும் எழுதுங்கோ.

ரஞ்சி


ரொறன்ரோ
2.8.1987

பத்மநாதன்,

ஒரு பதிலும் இல்லை. வெயில் வந்து, எல்லாரும் கட்டைக் காற்சட்டையோடை திரியினம். உங்கட கடிதம் வரேல்லை.

கீழை கடிதப் பெட்டியின்ர திறப்பு அண்ணையிட்டை. அவர்தான் ஒளிக்கிறார் எண்டு முடிவுகட்டி, பெடியளுக்கு முன்னாலை கேட்டுப்போட்டன். களவாணி எண்டும் சொல்லிப்போட்டன். அவர் சின்ன மகனைத் தூக்கி அவன்ர தலையிலை கைவைச்சு, "உனக்கு ஒரு கடிதமும் வரேல்லை" எண்டார். முகம் கறுத்துப்போச்சு. அண்டையிலிருந்து என்னோடை பேச்சில்லை. எனக்கு அப்பவும் நம்பிக்கை இல்லை.

இதிலை ஈபுவின்ர விலாசம் எழுதியிருக்கிறன். பத்தாம் மாடி, 1006. அதுக்குப் போடுங்கோ. ஒரு கடிதம் வந்தால் அண்ணை கள்ளன். வராட்டில் நீங்கள் கள்ளன்.

தியாகலிங்கத்தோடை கலியாண எழுத்து செப்ரெம்பர் மாசம் எண்டு பேசி முடிச்சிட்டினம். பதிவுக்காரருக்கும் சொல்லியாச்சாம்.

ரஞ்சி


மெடான்
25.8.1987

ரஞ்சிக்கு,

கள்ளன் நான்தான். அண்ணையிட்டை மன்னிப்புக் கேளும்.

உம்மட சித்திரைக் கடிதம் கிடைச்சது. கிழிக்கேல்லை. எத்தினையோ தரம் எழுதத் தொடங்கினன். வாறன் எண்டு எழுத வழி இல்லை. வரேல்லை எண்டு எழுத மனம் இல்லை. ரெண்டும் இல்லாமல் என்னத்தை எழுத? மூட்டையளைத் தூக்கி அடுக்கினன், இறக்கினன், திரும்ப அடுக்கினன்.

இப்ப ஒரு வழி வந்திருக்கு. ரேடியோவிலை நீரும் கேட்டிருப்பீர். இந்தியாவோடை ஒப்பந்தம் முடிஞ்சு, ஊரிலை சண்டை நிண்டிட்டுது. யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓடுதாம். நல்லூர்த் திருவிழா நடக்குதாம். தூதரகத்திலை போய் நிண்டால் ஊருக்குப் போக மட்டும் ஒரு பேப்பர் தருவினம். நான் நிண்டு வாங்கிப்போட்டன். வாற கிழமை போறன்.

ரஞ்சி, எனக்கு ஆற்றையோ வீட்டுத் தண்ணியிலை ஒளிச்சு ஒளிச்சுக் குளிச்சுக் களைச்சுப்போச்சு. கோண்டாவிலிலை ஐயாவின்ர வீடு பூட்டிக் கிடக்கு. பள்ளிக்கூடத்திலை என்ர வேலையைத் திருப்பித் தருவினம். நீர் கேட்டதுக்குப் பதில் ஓம். அண்டைக்கும் ஓம்தான். ஆனால் ரொறன்ரோவுக்கு வாற வழி எனக்கு இல்லை. நீர் வாரும். எழுத்தை ஊரிலை வைப்பம். அந்தப் பெட்டிக்கை நீர் ஏன் இருக்கவேணும்?

கோண்டாவில் விலாசம் கீழை. அதுக்கு எழுதும்.

உம்மட
பத்மநாதன்


ரொறன்ரோ
14.9.1987

பத்மநாதனுக்கு,

உங்கட கடிதம் வர ரெண்டு நாளைக்கு முந்தி இஞ்சை எல்லாம் நடந்து முடிஞ்சுது.

தியாகலிங்கம் எழுத்துக்குச் சீலை எடுக்க என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தார். அண்ணி தேத்தண்ணி குடுத்தா. நான் முன்னாலை போய் இருந்து, "எனக்கு உங்களை விருப்பமில்லை. வேற ஒராளை விருப்பம். அவர் பதில் போடேல்லை, எண்டாலும் விருப்பம்" எண்டு சொன்னன். அவர் கோப்பையை மெல்ல வைச்சார். "அப்ப சரி தங்கச்சி" எண்டார். வாசலிலை சப்பாத்து மாட்டேக்கை அண்ணையைப் பாத்து, "அவவின்ர பேப்பரை அவவிட்டைக் குடுங்கோ, சிவபாதம். நான் பேப்பர் இல்லாமல் இஞ்சை இருந்து பாத்தனான்" எண்டார். அண்ணை லாச்சியைத் திறந்து பேப்பரை எடுத்து மேசையிலை வைச்சிட்டு அறைக்கை போட்டார். நான் பாக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு மாடி இறங்கினன்.

இப்ப ஈபு வீட்டிலை, மகளின்ர அறையிலை இருக்கிறன். விடிய ஈபுவோடை லோன்றிக்குப் போறன். மூட்டை மூட்டையா வெள்ளை விரிப்பு, சூட்டிலை கை வெந்துபோகும். ஆனால் றோட்டாலை நடந்து போறன். ஆரும் கூட்டிக்கொண்டு போகேல்லை, நானாப் போறன். பஸ்ஸிலை காசு போடத் தெரியாமல் நிண்டன், பின்னாலை நிண்டவன் ஏசினான், அதுகூட நல்லா இருந்தது.

அப்பத்தான் உங்கட கடிதம் வந்தது. ஓம் எண்ட இடத்தைத் தடவித் தடவிப் பாத்தன். பிறகு மிச்சத்தை வாசிச்சன்.

நான் வரமாட்டன். இஞ்சையிருந்து ஒருக்கால் வெளிக்கிட்டால் திரும்ப வரேலாது, என்ர பேப்பர் அப்பிடி. கதவு ஒண்டு திறந்து முழுசாப் பத்து நாளில்லை. அதுக்குள்ளை இன்னொரு வீட்டைக் காட்டி உள்ளுக்கு வா எண்டுறியள். பள்ளிக்கூடம் உங்களுக்குத் திருப்பித் தரும். எனக்கு என்ன தரும்? கோண்டாவிலிலை நான் உங்களுக்குச் சமைச்சுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்டு எப்ப வருவியள் எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு, அந்தப் பதினோராம் மாடியிலேயே இருந்திருப்பன்.

எனக்கு சீற் தந்தனீங்கள். அதுக்காக இப்ப நான் திரும்பி வரவேணும் எண்டால், அது தந்தது இல்லை, ஈடு வைச்சது. ஏப்ரலிலை இந்த ஓமை எழுதியிருந்தால் எத்தினை வருசமும் நிண்டிருப்பன். வழி இல்லாட்டிலும் எழுதியிருக்கலாம். வழியையோ நான் கேட்டனான்?

கோவத்திலை எழுதிறன் எண்டு தெரியும். எண்டாலும் போடத்தான் போறன். இனி எழுதவேண்டாம்.

ரஞ்சிதமலர்


ரொறன்ரோ
1.11.1987

பத்மநாதன்,

இது கிடைக்குமோ தெரியாது. யாழ்ப்பாணத்துக்குக் கடிதம் போகாது எண்டு தபால் கந்தோரிலை சொல்லிச்சினம். முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து றோட்டுப் பெட்டியிலை போடுறன்.

யாழ்ப்பாணத்திலை திரும்பச் சண்டை துவங்கின செய்தி வந்த அண்டு நான் லோன்றியாலை வந்து கதவைத் திறக்க, அண்ணை ஈபு வீட்டு வாசலிலை நிண்டார். இத்தினை நாளும் ஒரு மாடிதான் எண்டாலும் இறங்கி வரேல்லை. அம்மாவோடை கதைக்கேலாதாம், லைன் இல்லையாம். சுவரோடை சாஞ்சு நிண்டார். நான் உள்ளுக்குக் கூப்பிட்டன். ஈபு சோறு போட்டா. சாப்பிட்டுக்கொண்டே, "உனக்கு ஆர் அங்கை?" எண்டு கேட்டார். பத்மநாதன் எண்டன். "எந்தப் பத்மநாதன்?" எனக்குத் தன்ர சீற்றைத் தந்த பத்மநாதன் எண்டன். அண்ணைக்கு அதுவரைக்கும் தெரியாது. கையைக் கழுவாமல் கனநேரம் இருந்தார்.

இப்ப மேலை எல்லாரும் ரெலிபோனைச் சுத்தி இருக்கினம். எங்கட தலைக்கு மேலை பிள்ளையள் ஓடுறது கேக்கும். ஓடாமல் நிண்டால் செய்தி ஏதோ வந்திட்டுது எண்டு நான் படியாலை ஓடுவன். ஒண்டும் இருக்காது. பிள்ளையள் நித்திரையாப் போயிருக்கும். றோட்டாலை நானா நடந்து போறன் எண்டு பெரிசா எழுதினன். இப்ப வேலை முடிய நடக்கிறதில்லை, நேர வீட்டை வந்து இருக்கிறன். ஒரு பக்கமும் போகேலாமல் கிடக்கு. இந்த முறை ஆரும் பூட்டேல்லை.

அண்ணைக்குத் தெரிஞ்ச ஒராள் கோண்டாவிலிலையிருந்து கொழும்புக்கு வந்து சேந்தவராம். உங்கட றோட்டிலை ஆக்கள் கோயிலுக்குள்ளை போய் இருக்கினம் எண்டு சொன்னவராம். பேர் ஒருத்தற்றையும் தெரியாதாம்.

செப்ரெம்பரிலை நான் ஒரு கடிதம் போட்டனான். அது உங்களுக்குக் கிடைக்காமல் இருக்கவேணும் எண்டு கோயில் எங்கை எண்டு தெரியாத இந்த ஊரிலை ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். கிடைச்சிருந்தால், அதிலை வரமாட்டன் எண்டு எழுதினது உண்மை. இப்பவும் உண்மை. ஈடு எண்டு எழுதினது மட்டும் பொய். இனி எழுதவேண்டாம் எண்டதும் பொய்.

நீங்கள் கோவமா இருந்தால் இருங்கோ. வேற ஆரையும் கட்டினால் கட்டுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். எனக்கு ஒண்டும் எழுதவேண்டாம், ஓமும் வேண்டாம், இல்லையும் வேண்டாம். ஒரு கவரிலை என்ர பேரையும் இந்த 1006 எண்டதையும் உங்கட கையெழுத்திலை எழுதி, ஒட்டி, ஆரிட்டையெண்டாலும் குடுத்து விடுங்கோ. உள்ளுக்கை கடுதாசி வைக்கவேண்டாம்.

ரஞ்சி